படுக்கையில் இருக்கும் பெற்றோருக்குப் பராமரிப்பாளரைத் தேர்வு செய்வது எப்படி?

 



நம் மஹல்லாவில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஒரு பெரியவர் படுக்கையில் இருக்கும் வீடு ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மறதி நோயால் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பவர். பிள்ளைகளில் ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில், மகள் கணவர் ஊரில். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும்போது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். அன்று மாலையே யாரோ கொடுத்த ஏஜென்சி நம்பருக்கு போன் போகிறது. மறுநாள் காலை, பெயர் மட்டுமே தெரிந்த ஒருவர் துணிப்பையோடு வாசலில் நிற்கிறார்.

ஒரு பழைய பைக் வாங்குவதற்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பெற்ற தாயைத் தூக்கி, கழுவி, ஊட்டி, மருந்து கொடுக்கப்போகிறவரை மட்டும் ஒரே போனில் முடிவு செய்துவிடுகிறோம். இன்று இதைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும்.

ஆள் வைப்பது குற்றமா?

இந்தக் கேள்வியோடுதான் பலர் வருகிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் பெற்றோருக்குச் செய்யவேண்டிய ஹக்கில் குறை வைத்தவர்கள் ஆகிவிடுவோமா என்று. தன்னால் செய்ய முடியாத ஒரு பணியை, அதைச் செய்யத் தெரிந்தவரைக் கொண்டு செய்விப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் போடப்பட்டது. காயங்களுக்கு மருந்திடத் தெரிந்த ருஃபைதா (ரலி) அவர்களிடம் அவரை ஒப்படைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொந்தக் குலமே இருந்தது. பார்த்துக்கொள்ள உறவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தெரிந்தவரின் கையில்தான் கொடுக்கப்பட்டார். காலையிலும் மாலையிலும் அவரை வந்து பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒப்படைத்ததோடு விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பல வீடுகளில் ஆள் வைக்காததற்குக் காரணம் தக்வா அல்ல. மருமகள் இருக்கிறாள் என்பதுதான். மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம். அதற்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி உண்டு. ஆனால் அது அவள் மீது மார்க்கம் சுமத்திய கடமை அல்ல. கடமை பிள்ளைகளுடையது. மகன் அபூதாபியில் இருந்துகொண்டு, மனைவியின் முதுகெலும்பை வைத்துத் தன் கடமையை நிறைவேற்றுவது நியாயமாகாது. இரவில் நான்கு முறை எழுந்து மாமியாரைப் புரட்டிப்போடும் பெண்ணுக்குப் பகலில் ஓர் ஆளையாவது வையுங்கள்.

மத்யனில் நடந்த தேர்வு

வீட்டில் வயது முதிர்ந்த தந்தை. ஆண் பிள்ளை இல்லை. வெளிவேலைகளைப் பெண் பிள்ளைகள் சுமக்கிறார்கள். கூலிக்கு ஓர் ஆள் தேவை. இன்றைய நம் வீட்டு நிலவரம் போலவே இருக்கும் இந்த வீடு ஸூரத்துல் கஸஸில் வருகிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்த்துறைக்கு வந்தபோது, இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளை ஓரமாகத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கள் தந்தை மிக முதியவர் என்று அந்தப் பெண்கள் சொன்னதை 28:23 வசனத்தில் பார்க்கலாம். மூஸா (அலை) அவர்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பின்னர் அந்தப் பெண்களில் ஒருவர் தந்தையிடம், இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார். அதற்குக் காரணமாக இரண்டே குணங்களைக் காட்டுகிறார்: வலிமை, நம்பகத்தன்மை. இது 28:26. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் கூலிக்கு அமர்த்துவது பற்றிய பகுதியை இந்த வசனத்தை வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

அந்தப் பெண் இந்த முடிவுக்கு எப்படி வந்தார்? தஃப்ஸீர்களில் சொல்லப்படுகிறது: பலர் சேர்ந்து தூக்கவேண்டிய கல்லை மூஸா (அலை) அவர்கள் தனியாக நகர்த்தியதையும், வழியில் தனக்குப் பின்னால் நடந்துவரச் சொல்லிப் பார்வையைப் பேணியதையும் அவர் கண்டிருந்தார். அதாவது தன் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னார். ஏஜென்சிக்காரர் சொன்னார், ஆள் பார்க்க நல்லவராகத் தெரிகிறார் என்று சொல்லவில்லை.

வலிமை என்றால் என்ன?

இங்கே வலிமை என்பது அந்தந்த வேலைக்கு உரிய திறமை. இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. ஹோம் நர்ஸ் என்ற ஒரே பெயரில் மூன்று விதமானவர்கள் வருகிறார்கள். ஒருவர் உதவியாளர்: குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார், டயப்பர் மாற்றுவார், ஊட்டுவார், நடக்கத் துணை நிற்பார். இன்னொருவர் முறையாகப் படித்த நர்ஸ். ஊசி போடுவது, மூக்கு வழி டியூப் மாற்றுவது, சிறுநீர் டியூப் வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர் வேலை. மூன்றாமவர் பிசியோதெரபிஸ்ட். உதவியாளரின் சம்பளத்தைக் கொடுத்து நர்ஸின் வேலையை வாங்க நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூத், இப்னு மாஜா போன்ற நூல்களில் வந்திருக்கிறது. தெரியாதவர் என்று தெரிந்தே அந்த வேலையை அவரிடம் கொடுத்தவரும் அல்லாஹ்விடம் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பதே என் கருத்து.

அதனால் ஆளைத் தேடுவதற்கு முன், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடமோ வார்டு நர்ஸிடமோ உட்கார்ந்து, இவருக்கு வீட்டில் ஒரு நாளில் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளில் ஊசி, டியூப், புண் இவற்றில் ஏதாவது இருந்தால் நர்ஸ் தேவை. நாள் முழுக்கத் தேவைப்படாது. உதவியாளர் தினமும், நர்ஸ் வாரத்தில் சில முறை என்று பிரித்துக்கொண்டால் செலவும் கட்டுக்குள் வரும். நர்ஸ் என்று சொல்லி வருகிறவரிடம் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் நர்ஸுகள் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும். படித்தவர் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார்.

உதவியாளருக்குச் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் முதல் நாள் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்ப்பது சான்றிதழை விட அதிகம் சொல்லும். நோயாளியைத் தொடுமுன் கை கழுவுகிறாரா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறாரா, உடலோடு அணைத்துத் தூக்குகிறாரா? சிறுநீர்ப் பையைப் படுக்கை மேல் வைக்கிறாரா, இடுப்புக்குக் கீழே தொங்கவிடுகிறாரா? பை மேலே இருந்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்த் தொற்று வரும். டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறாரா, கொடுத்து முடித்ததும் உடனே படுக்கவைத்துவிடுகிறாரா? குறைந்தது அரை மணி நேரமாவது சாய்வாக உட்கார்ந்திருக்கவேண்டும்.

படுக்கைப்புண் பற்றிக் கேட்டுப்பாருங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்கவைக்கவேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. காற்று மெத்தை வாங்கிப்போட்டதால் அது நீங்கிவிடாது. முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கங்கள், முழங்கை இவற்றைத் தினமும் பார்த்து, தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் உடனே சொல்லவேண்டும். இதைக் கேட்டதும் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். அவர்களுக்கு வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். டாக்டர் வாய்வழி எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்க, பார்க்க வரும் உறவினர் பாசத்தோடு ஸம்ஸம் தண்ணீரை ஊற்றுகிறார். தடுக்கும் பராமரிப்பாளரைப் பார்த்து, நீ யார் சொல்ல என்கிறார்கள். அவர் தன் அமானத்தைத்தான் காத்தார். ஸம்ஸமைத் தொட்டு முகத்தில் தடவுங்கள், துஆச் செய்யுங்கள், போதும்.

நம்பகத்தன்மையை எப்படி அறிவது?

முன்பு அவர் வேலை பார்த்த இரண்டு வீடுகளின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். நல்லவரா என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். மறுபடியும் தேவைப்பட்டால் இவரையே கூப்பிடுவீர்களா என்று கேளுங்கள். பதில் வருமுன் ஒரு தயக்கம் வந்தால், அதுவே பதில். ஆதார் நகல், புகைப்படம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களைப் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி செய்துவிட்டோம் என்று சொன்னால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நேர்முகத்துக்கு வந்தவரையும் வேலைக்கு அனுப்பப்படுபவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் ஆள் மாறிவிடும். அவர் லீவு எடுத்தால் பதிலுக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அமானத் உங்கள் பக்கமும் இருக்கிறது. அலமாரியைத் திறந்து போட்டுவிட்டு, காணாமல் போனபின் ஏழையைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம். நகை, பத்திரம், ஏடிஎம் அட்டை இவற்றை முதல் நாளே எடுத்துப் பூட்டுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு.

பராமரிப்பாளர் முஸ்லிமாகத்தான் இருக்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். ஹிஜ்ரத்தின்போது, மக்கா முழுவதும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியது இப்னு உரைகித் என்பவரை. அவர் அப்போது குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். பாதை தெரிந்தவர், வாக்குத் தவறாதவர். தங்கள் ஒட்டகங்களையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். இது புகாரியில் இருக்கிறது. அதே இரண்டு குணங்கள்தாம். தொழுகை நேரம், கிப்லா, ஒளுவுக்கும் தயம்முமுக்கும் எப்படி உதவுவது, உணவில் எதைத் தவிர்ப்பது என்பதை முதல் நாள் நீங்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் மாற்று மதச் சகோதரி அழகாகச் செய்துவிடுவார்.

ஆண், பெண் விஷயம்

உம்மாவுக்குப் பெண், வாப்பாவுக்கு ஆண். இதுதான் அடிப்படை, இதற்காகக் கொஞ்சம் அலைந்து தேடவேண்டும். சிறிய ஊர்களில் ஆண் பராமரிப்பாளர் கிடைப்பது சிரமம் என்பது உண்மை. கிடைக்காதபோது நிர்ப்பந்தம் அனுமதியைத் தரும். ஆனால் அந்த அனுமதி தேவையின் அளவுக்குத்தான். அந்தரங்க உறுப்புகளைச் சுத்தம் செய்வதை மனைவி உயிரோடு இருந்தால் அவரோ, இல்லாவிட்டால் மகன் கையுறை அணிந்து துணியை மூடியோ செய்துகொள்ளலாம். மற்றப் பணிகளை வந்தவர் செய்யட்டும். தனிமையில் விடாதீர்கள். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கவேண்டும், அறைக் கதவு திறந்திருக்கவேண்டும். வாப்பாவுக்கு ஆண் வந்தாலும் இதே கவலை வேறு வடிவில் உண்டு: வீட்டில் இருக்கும் பெண்களின் ஹிஜாப், அவர் தங்கும் இடம், அவருக்கான கழிப்பறை. இதையெல்லாம் அவர் வந்தபின் யோசித்தால் தாமதம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அறையில் கேமரா வைக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்பது புரிகிறது. ஆனால் உம்மாவுக்கு உடை மாற்றும் கட்டிலைப் பார்த்துக் கேமராவை வைத்து, அதை நான்கு பிள்ளைகளும் இரண்டு மருமகன்களும் போனில் பார்ப்பது என்ன நியாயம்? கேமராவைக் கதவுப்பக்கம் திருப்புங்கள். பராமரிப்பாளரிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது.

கூலியும் நேரமும்

மத்யனுக்கு மறுபடி வாருங்கள். அந்த முதியவர் பேசிய ஒப்பந்தத்தைப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் என்று காலம் சொல்லப்படுகிறது. பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம் என்று கூடுதல் வேலை தனியாகப் பிரிக்கப்படுகிறது. உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்று வேலை கொடுப்பவரே சொல்கிறார். நம் ஏஜென்சித் தாள்களில் இந்த மூன்றும் இருக்கிறதா?

இருபத்து நான்கு மணி நேர ஆள் என்று கேட்கிறோம். மனிதர் எவராலும் இருபத்து நான்கு மணி நேரம் வேலை செய்ய முடியாது. அவர் எப்போது தூங்குவார், அந்த நேரத்தில் நோயாளியை யார் பார்ப்பார் என்று எழுதுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்கவேண்டிய நோயாளி என்றால் இரண்டு ஆள் தேவை, அல்லது இரவு உங்களுடையது. வார விடுமுறை எந்த நாள்? சாப்பாடு யாருடையது? உம்மாவைப் பார்க்க வந்தவரைக் கொண்டு வீட்டுப் பாத்திரமெல்லாம் கழுவச் சொல்வதும், பேரப்பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைக்கச் சொல்வதும் நடக்கிறது. பேசாத வேலையை வாங்குவது அவரது உழைப்பைப் பறிப்பதுதான்.

நாம் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவரிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை ஜகாத்தில் கணக்குக் காட்டும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது கூடாது. கூலி அவருடைய உரிமை. ஜகாத் பெறத் தகுதி உள்ளவராக இருந்தால் அதைத் தனியாகக் கொடுங்கள்.

செலவு யார் பொறுப்பு? பெற்றோரிடம் சொந்தப் பணம் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அதிலிருந்தே அவர்களுக்குச் செலவழிக்கலாம். வாரிசுகள் பின்னால் பங்கிட்டுக்கொள்ள அதைச் சேமித்து வைத்துவிட்டு மலிவான ஆளைத் தேடுவது கொடுமை. அவர்களிடம் இல்லையென்றால் வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. முடியாத குடும்பங்கள் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் அது. சுகர், பிரஷர் மாத்திரைகள், பிசியோதெரபி, முற்றிய நோயாளிகளுக்கான வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கவேண்டும். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள் வீல்சேர், காற்று மெத்தை, ஆக்ஸிஜன் இயந்திரம் இவற்றை வாங்கி வைத்து மஹல்லாவுக்குள் சுற்றில் விடலாம். சில ஊர்களில் செய்கிறார்கள்; அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

ஆள் வந்தபின்

முதல் மூன்று நாள் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருங்கள். மருந்து, உணவு, சிறுநீர், மலம், திருப்பிப்போட்ட நேரம் எல்லாவற்றையும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, எந்த நம்பர், 108 உட்பட, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குளிப்பாட்டும் வேளையில் வாரத்துக்கு ஒரு நாளாவது மகளோ மகனோ பக்கத்தில் இருந்து உடலைப் பாருங்கள். காயம், கன்றிப்போன தடம், அந்தப் பராமரிப்பாளர் உள்ளே வந்ததும் பெரியவர் கண்ணில் தெரியும் பயம் இவற்றைக் கேமரா காட்டாது. பேச முடியாத வாப்பாவுக்குச் சைகையாவது இருக்கும். ஆம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரு முறை கண்ணை மூடச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து போன் செய்யும் சகோதரரே, உங்களிடம் ஒன்று. தினமும் பராமரிப்பாளரிடம் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று விசாரிக்கிறீர்கள். பிறகு போனை வைத்துவிடுகிறீர்கள். போனை அவர் காதருகே வைக்கச் சொல்லி, அத்தா என்று ஒரு முறை கூப்பிடுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். சம்பளம் வாங்குபவர் செய்யமுடியாத பணிவிடை அது ஒன்றுதான்.

பெற்றோரைப் பார்த்துச் சலிப்பாக 'ச்சீ' என்று கூடச் சொல்லக்கூடாது என்பது 17:23 நமக்குக் கற்றுத்தந்தது. அனஸ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் தம்மை நோக்கி அதே சலிப்புச் சொல்லை நபி (ஸல்) அவர்கள் ஒரு முறையும் சொன்னதில்லை என்று அறிவிக்கிறார்கள். பெற்றோருக்கு எந்தச் சொல் தடுக்கப்பட்டதோ, அதைப் பணியாளரிடமும் நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. வாப்பாவின் அறையில் இந்த இரண்டு பேரும்தான் இருக்கிறார்கள்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒரு சட்டம். பெரியவர் வஃபாத்தாகும் நாளில் வீடு நிறைய ஆட்கள். ஆறு மாதம் அந்த உடலைக் கழுவியவர் அடுப்பங்கரை ஓரத்தில் பையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்று யாரோ சொல்வார்கள். பெரியவர் தன் பணத்தில் அமர்த்திய ஆள் என்றால், பாக்கிச் சம்பளம் மய்யித்தின் கடன். வஸிய்யத்துக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் முன்பே அதைக் கொடுத்துவிடவேண்டும். பிள்ளைகள் அமர்த்தியிருந்தால் அது அவர்கள் கடன். அன்றே கையில் கொடுங்கள், ஊருக்குப் போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பெரியவரின் பணத்தில் வாங்கிய மெத்தையும் வீல்சேரும் வாரிசுகள் எல்லோருக்கும் உரியவை. ஜமாஅத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அனைவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

படுக்கையில் இருக்கும் நம் பெற்றோருக்கும், அவர்களைத் தொட்டுத் தூக்கும் கைகளுக்கும் அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.